மொழி பழகவில்லையா, வளர்ச்சியில் தடையா? வேலூர் வட்டாரச் சிறு குழந்தைகளுக்கான முழுமையான வழிகாட்டி

ஆம்பூரில் ஓர் அங்கன்வாடி. மூன்று வயதுப் பையன் ஒருவன் சேர்ந்து மாதக்கணக்காகியும் வாய் திறக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். ‘வீட்டில் உருதுதானே, தமிழ் பழகியதும் பேசிவிடுவான்’ என்கிறார் டீச்சர். ‘இவன் அப்பாவும் நான்கு வயதில்தான் பேசினாராம்’ என்கிறார் தாய். இரண்டும் அக்கறையில் பிறந்த சொற்கள்தாம். ஆனால் அவனுக்குக் காது சரியாகக் கேட்கவில்லை என்றால், மூளை மொழியை மிக வேகமாகப் பிடித்துக்கொள்ளும் ஆண்டுகளை அந்த ஆறுதல் தின்றுவிடும்.

இதற்கு நேர் எதிரானதும் நடக்கிறது. காட்பாடியில் ஒரு தெலுங்கு வீட்டுப் பெண் குழந்தை. வீட்டில் பாட்டியோடு ஓயாமல் பேசுகிறாள். பள்ளியில் தமிழில் கேட்ட கேள்விக்கு விழிக்கிறாள். ஒரு பருவம் முடிவதற்குள் ‘மந்தம்’ என்ற பெயர் அவளுக்கு வந்துவிடுகிறது. அந்தப் பெயர் ஒருமுறை ஒட்டிக்கொண்டால் எளிதில் போவதில்லை.

பழைய வட ஆர்க்காட்டில் இது அன்றாடப் பிரச்சினை. வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம் ஆகிய ஊர்களில் உருது பேசும் வீடுகள் ஏராளம். குடியாத்தம், காட்பாடி பக்கம் ஆந்திர எல்லையை ஒட்டிய ஊர்களில் தெலுங்கு. நரிக்குறவர் குடியிருப்புகளில் வாக்ரிபோலி. ஜவ்வாது மலையில் தமிழேதான், ஆனால் கீழ்நாட்டு டீச்சர் காதுக்கு உடனே பிடிபடாத தமிழ். கட்டட வேலைக்கும் தோல் தொழிலுக்கும் வந்த குடும்பங்களில் இந்தி, ஒடியா. சிகிச்சைக்காக வந்து சி.எம்.சி. மருத்துவமனையின் சுற்றுப்புறத்தில் தங்கியிருப்போரிடம் வங்காளம். தமிழில் மட்டும் பார்த்துக் குழந்தையை எடைபோட்டால் இந்தக் குழந்தைகளில் பாதிப் பேரை நாம் தவறாகத்தான் புரிந்துகொள்வோம்.

அங்கன்வாடிப் பணியாளர், மழலையர் பள்ளி ஆசிரியர், கிராம சுகாதாரச் செவிலியர், பெற்றோர் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். நோய்க்குப் பெயர் வைப்பது நம் வேலை இல்லை. எந்தக் குழந்தையை, எப்போது, எங்கே அனுப்ப வேண்டும் என்று தெரிந்துகொள்வதுதான் நம் வேலை.

படி 1: வீட்டில் யார், எந்த மொழியில் பேசுகிறார்கள்?

‘வீட்டு மொழி என்ன?’ என்று ஒரே கேள்வியோடு நிறுத்தினால் போதிய விவரம் கிடைக்காது. சேர்க்கைப் படிவத்தில் ‘தமிழ்’ என்று எழுதியிருப்பார்கள். விசாரித்தால் பகல் முழுவதும் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் பாட்டி தெலுங்கு மட்டும் பேசுபவராக இருப்பார். ஆகவே ஆள் ஆளாகக் கேளுங்கள். அம்மா குழந்தையிடம் எந்த மொழியில் பேசுகிறார்? அப்பா? பாட்டி தாத்தா? தெருவில் விளையாடும் பிள்ளைகள்? குழந்தை தமிழை முதன்முதலில் தொடர்ந்து கேட்கத் தொடங்கியது எந்த வயதில்? டி.வி.யும் கைப்பேசியும் எந்த மொழியில் ஓடுகின்றன, எவ்வளவு நேரம்?

கடைசியாக ஒரு கேள்வி: ‘இதே வயதில் இவனுடைய அண்ணன், அக்கா எப்படிப் பேசினார்கள்?’ அதே வீடு, அதே மொழிகள், அதே பாட்டி. மூத்த பிள்ளை இரண்டு வயதில் பேசியிருக்க, இளையவன் மூன்றிலும் பேசவில்லை என்றால் மொழியின் மேல் பழி போட இடமில்லை. இந்த ஒப்பீடு பல அச்சிட்ட படிவங்களைவிட அதிகம் சொல்லும்.

கூடவே பிறப்பு விவரங்களையும் குறித்துக்கொள்ளுங்கள்: குறைமாதமா, பிறந்ததும் அழுததா, மஞ்சள் காமாலைக்குச் சிகிச்சை நடந்ததா, வலிப்பு வந்ததா, நெருங்கிய சொந்தத்தில் திருமணமா. கடைசிக் கேள்வியைத் தனியாக, தாழ்ந்த குரலில் கேளுங்கள். நம் பக்கத்தில் மாமன் மகள், அத்தை மகன் திருமணங்கள் சாதாரணம். குற்றம் சாட்டும் தொனி வந்தால் அடுத்த முறை அந்தக் குடும்பம் உங்களிடம் வராது.

படி 2: எல்லாவற்றுக்கும் முன்னால் காது

பேச்சு தாமதமாகும் எந்தக் குழந்தைக்கும் முதல் பரிசோதனை காதுக்குத்தான். வீட்டில் எத்தனை மொழி பேசினாலும் இதற்கு விதிவிலக்கு கிடையாது.

‘குக்கர் விசில் அடித்தால் திரும்புகிறான், காது நன்றாகத்தான் கேட்கிறது’ என்பார்கள். குக்கர் விசில், லாரி ஹாரன், கதவு அறையும் ஓசை எல்லாம் மிகப் பெரிய ஒலிகள். ஓரளவு கேட்கும் திறன் இருக்கும் குழந்தை அவற்றுக்குத் திரும்பிவிடும். ஆனால் ‘ச’, ‘ஸ’ போன்ற மெல்லிய ஒலிகள் அதன் காதில் விழாமல் போகலாம். பேச்சைப் புரிந்துகொள்ள அந்த ஒலிகள்தான் தேவை. இன்னொரு ஏமாற்றமும் உண்டு. பிறவியிலேயே காது கேளாத குழந்தையும் முதல் மாதங்களில் ‘ஆ, ஊ’ என்று ஒலி எழுப்பும். ‘நன்றாகச் சத்தம் போட்டதே’ என்று தாய் சொல்வது உண்மைதான். அதன்பின் ‘பாபாபா, தததத’ என்று அசைகளைக் கோத்துப் பேசும் கட்டம் வந்ததா என்று கேளுங்கள். ஒரு வயது வரை அது வரவில்லை என்றால் காத்திருக்காதீர்கள்.

பிறந்த ஒரு மாதத்துக்குள் கேள்திறன் சோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதிப்படுத்துதல், ஆறு மாதத்துக்குள் காதொலிக் கருவியும் பயிற்சியும் தொடங்குதல் என்பதே உலகெங்கும் பின்பற்றப்படும் இலக்கு. முதலில் ஓ.ஏ.இ. என்ற எளிய சோதனை, பிறகு தேவைப்பட்டால் குழந்தை தூங்கும்போது எடுக்கும் பெரா சோதனை. இரண்டிலும் வலி இல்லை. குழந்தை எந்த மொழியிலும் பதில் சொல்ல வேண்டியதும் இல்லை. பல மொழிக் குழந்தைகளுக்கு இவ்வளவு பாரபட்சமற்ற சோதனை வேறொன்று இல்லை என்பேன். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் இம்ப்ளாண்ட் (உட்காதில் பொருத்தும் கேள்கருவி) அறுவைச் சிகிச்சைக்கு வழி இருக்கிறது. அது ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கானது. ‘தமிழ் பழகட்டும்’ என்று காத்திருந்த குடும்பம் அந்த வயதைத் தாண்டி வந்து நிற்பதைப் பார்ப்பது பெரும் வேதனை.

காதில் சீழ் வடிகிற குழந்தையையும் விட்டுவிடாதீர்கள். ‘பல் முளைக்கும்போது அப்படித்தான்’ என்பதை நம்ப வேண்டாம். நாக்கில் வசம்பு தேய்ப்பதால் பேச்சு வந்துவிடாது. காதைப் பார்க்கும் நாள்தான் தள்ளிப்போகும்.

படி 3: மொழி தேவைப்படாத அடையாளங்களைப் பாருங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றைத்தான் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால் இந்தப் படியை வைத்துக்கொள்ளுங்கள். கீழே வருபவை உருதுக் குழந்தைக்கும் ஒடியாக் குழந்தைக்கும் மலைக் குழந்தைக்கும் ஒன்றே. மொழிபெயர்ப்பாளர் இல்லாமலேயே உங்கள் கண்ணால் பார்க்கலாம்.

இரண்டு மாதம் முடியும்போது முகம் பார்த்துச் சிரிக்க வேண்டும். நான்கு மாதத்தில் தலை நிற்க வேண்டும். ஒன்பது மாதத்தையொட்டிப் பிடிமானம் இல்லாமல் உட்கார வேண்டும். அந்த வயதில் பெயர் சொல்லி அழைத்தால் திரும்பவும் வேண்டும். ஆனால் எந்தப் பெயர்? சேர்க்கைப் பதிவேட்டில் இருக்கும் நீண்ட பெயரை அந்தக் குழந்தை வீட்டில் கேட்டே இருக்காது. ‘பப்லு’, ‘முன்னி’, ‘சிட்டி’ என்று வீட்டில் கூப்பிடும் பெயரைத் தாயிடம் கேட்டு அதைச் சொல்லி அழையுங்கள்.

ஒரு வயதில் சைகைகள் வர வேண்டும்: டாட்டா காட்டுவது, தூக்கச் சொல்லிக் கை நீட்டுவது, வேண்டாம் என்று தலையாட்டுவது. பிறகு வருவது விரல் சுட்டுதல். இதைக் கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும். வேண்டிய பொருளைச் சுட்டிக் கேட்பது ஒன்று. வானத்தில் போகும் விமானத்தைச் சுட்டிவிட்டு, ‘நீயும் பார்த்தாயா’ என்பதுபோல் அம்மாவின் முகத்தைத் திரும்பிப் பார்ப்பது இன்னொன்று. இரண்டாவதில் குழந்தை எதையும் கேட்கவில்லை, தன் வியப்பைப் பகிர்ந்துகொள்கிறது. ஒன்றரை வயதிலும் இது இல்லை, பிறர் சுட்டும் திசையிலும் பார்ப்பதில்லை, தண்ணீர் வேண்டுமென்றால் நம் கையைப் பிடித்து இழுத்துச் சென்று பானைமேல் வைக்கிறது என்றால் ஆட்டிசத்துக்கான சோதனை தேவை. அந்த வீட்டில் எந்த மொழி பேசினாலும் சரி.

ஒன்றரை வயதுக்குள் தனியாக நடக்க வேண்டும். ஏறக்குறைய அந்த வயதிலிருந்து விளையாட்டு பலவற்றைச் சொல்லும். பொம்மைக்குச் சோறூட்டுவது, காலி டம்ளரில் டீ குடிப்பதுபோல் நடிப்பது, சொப்பு வைத்துச் சமைப்பது. தமிழே தெரியாத குழந்தைகூட மற்றப் பிள்ளைகள் செய்வதைப் பார்த்து இதில் சேர்ந்துகொள்ளும். பொம்மைக் காரின் சக்கரத்தை மட்டும் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருக்கும் குழந்தையைப் பற்றி ஒரு குறிப்பு எழுதுங்கள்.

உடலைப் பொறுத்தவரை, ஒரு வயதுக்கு முன்பே ஒரு கையை மட்டும் பயன்படுத்துவது, கால்கள் கத்தரிபோல் விறைப்பது, எப்போதும் நுனிக்காலில் நடப்பது ஆகியவை மருத்துவர் பார்க்க வேண்டியவை. மாறுகண், கண்மணியில் வெள்ளை தெரிவது, பொருளை முகத்தருகே கொண்டுசெல்வது இருந்தால் கண் மருத்துவர். 34 வாரத்துக்கு முன்பு அல்லது 2 கிலோவுக்கும் குறைவான எடையில் பிறந்த குழந்தைக்குப் பிறந்த 30 நாட்களுக்குள் விழித்திரைச் சோதனை நடந்திருக்க வேண்டும். இன்னும் சின்னதாகப் பிறந்தவர்களுக்கு அதற்கும் முன்பே.

ஏற்கெனவே வந்த பேச்சோ, சிரிப்போ, பழக்கமோ மறைந்துபோனால் வயதையும் மொழியையும் பார்க்காமல் அந்த வாரமே அனுப்புங்கள். ‘ஊர் மாறியதால் பேச்சை விட்டுவிட்டான்’ என்ற விளக்கத்தை ஏற்றுக்கொண்டு திரும்பி வராதீர்கள்.

படி 4: எல்லா மொழிகளிலும் சேர்த்துச் சொற்களை எண்ணுங்கள்

பதினாறு மாதத்தில் ஒரு சொல்லாவது, இரண்டு வயதில் இரண்டு சொற்களைத் தானாகச் சேர்த்துச் சொல்வது. இவை எந்த மொழியில் வந்தாலும் கணக்குதான். ‘பானி’ ஒரு சொல், ‘தண்ணி’ ஒரு சொல். ‘அம்மீ தூத்’ என்றாலும் ‘அம்மா பாலு’ என்றாலும் இரண்டு சொல் வாக்கியம். ‘அம்மீ பால்’ என்று கலந்து சொன்னாலும் அதே மதிப்பு. மொழி கலந்து பேசுவது குழப்பத்தின் அடையாளம் இல்லை. கையில் இருக்கும் எல்லாச் சொற்களையும் பயன்படுத்துகிற சாமர்த்தியம் அது. பெரியவர்களாகிய நாமும் நாளெல்லாம் அதைத்தானே செய்கிறோம்?

தமிழ்ச் சொற்களை மட்டும் எண்ணினால் இருமொழிக் குழந்தை பின்தங்கியதுபோல் தெரியும். இரண்டையும் கூட்டினால் ஒருமொழிக் குழந்தைக்கு ஏறக்குறைய இணையாக நிற்கும். இரண்டு மொழி கேட்டு வளர்வதால் பேச்சுக் குறைபாடு உண்டாவதில்லை. ஆகவே இரண்டையும் கூட்டிய பிறகும் சொற்கள் மிகக் குறைவாக இருந்தால், ‘இரண்டு மொழி, அதனால் தாமதம்’ என்ற சமாதானம் செல்லாது.

படி 5: தடுமாற்றம் ஒரு மொழியிலா, எல்லாவற்றிலுமா?

மொழிக் குறைபாடு இருக்கும் குழந்தைக்குத் தன் வீட்டு மொழியிலேயே தடுமாற்றம் இருக்கும். தமிழ் புதிது என்பதால் மட்டும் தடுமாறும் குழந்தை வீட்டில் சரளமாக இருக்கும். சொல்வதற்கு எளிது. பார்ப்பதற்கு அந்த வீட்டு மொழியைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும்.

உருதுவில் ழ, ள, ண ஒலிகள் இல்லை. உருது வீட்டுக் குழந்தை ‘பழம்’ என்பதைப் ‘பலம்’ என்றால் அது உச்சரிப்புக் குறைபாடு இல்லை. உருதுவில் அவன், அவள் இரண்டுக்கும் ஒரே சொல்தான் என்பதால், அக்காவை ‘அவன்’ என்று சொல்வதும் இயல்பு. தெலுங்கில் அக்கா வந்தாலும் நாய் வந்தாலும் வினைமுற்று ஒன்றே. ஆகவே தெலுங்கு வீட்டுக் குழந்தை தமிழிலும் ‘அக்கா வந்தது’ என்று சொல்லிவிடும். வங்காளக் குழந்தையின் ‘வ’ நம் காதுக்குப் ‘ப’ போல் கேட்கலாம். இவற்றையெல்லாம் பிழை என்று குறித்து அனுப்பினால் பேச்சுப் பயிற்சியாளரின் நேரம் வீணாகும். உண்மையில் தேவைப்படும் குழந்தை வரிசையில் பின்னுக்குப் போகும்.

தாயிடம் கேட்க வேண்டியவை: வீட்டு மொழியில் சொன்னதைச் செய்கிறானா? ‘செருப்பை எடுத்துக்கொண்டு வந்து அப்பாவிடம் கொடு’ என்பதுபோல் இரண்டு செயல் சேர்ந்த பேச்சு, கை காட்டாமல் சொன்னாலும் புரிகிறதா? உங்கள் சொந்தக்காரர்களுக்கு இவன் பேச்சு புரிகிறதா? அதே மொழி பேசும் பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டால் உங்களுக்கு எப்படித் தோன்றுகிறது?

புதிய மொழிச் சூழலுக்குள் வரும் குழந்தை சில வாரம், சில நேரம் சில மாதம்கூட மௌனமாக இருப்பது வழக்கம். அந்த மௌனத்தை உற்றுப் பாருங்கள். கண் எல்லோரையும் தொடர்கிறதா? மற்றவர்கள் தட்டைக் கழுவப் போனால் தானும் எழுந்து போகிறதா? ‘கைவீசம்மா’ பாடும்போது வாய் அசையாவிட்டாலும் கை வீசுகிறதா? ஆம் என்றால் அந்தக் குழந்தை கற்றுக்கொண்டிருக்கிறது. வீட்டிலும் மௌனம், அங்கன்வாடியிலும் மௌனம், சைகையும் இல்லை என்றால் நிலைமை வேறு.

படி 6: சொல்லிக்கொடுத்துப் பாருங்கள்

குழந்தைக்கு என்ன தெரியும் என்பதைவிட, எப்படிக் கற்றுக்கொள்கிறது என்பது பல நேரங்களில் தெளிவாகப் பேசும். வீட்டில் இல்லாத பொருள் ஒன்றை எடுங்கள். புனல், தக்களி, எதுவானாலும் சரி. அதன் பெயரை விளையாட்டோடு சொல்லிக்கொடுங்கள். அன்று மாலையும் இரண்டு நாள் கழித்தும் அதைக் கேளுங்கள். பல பொருட்களுக்கு நடுவே காட்டினாலே போதும், வாயால் சொல்ல வேண்டியதில்லை. தமிழ் தெரியாத, ஆனால் இயல்பான வளர்ச்சியுள்ள குழந்தை சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். எத்தனை முறை எளிமையாக்கிச் சொன்னாலும் தங்கவில்லை என்றால் அதைத் தேதியோடு எழுதிவையுங்கள். மருத்துவரிடம் இந்தக் குறிப்பு மதிப்புள்ளது.

எழுத்து தலைகீழாக எழுதுகிறது, நிறப் பெயர் மறக்கிறது என்பதையெல்லாம் வைத்து இந்த வயதில் கற்றல் குறைபாடு என்று யாரும் முடிவு கட்டக் கூடாது.

படி 7: சோதனைப் பட்டியலும் மொழிபெயர்ப்பவரும்

தாய் சேய் நல அட்டையிலேயே வளர்ச்சிப் படிநிலைகள் படத்தோடு இருக்கின்றன. பல வீடுகளில் தடுப்பூசிப் பக்கத்தைத் தாண்டி யாரும் திருப்பியதே இல்லை. அதை விரித்துத் தாயோடு சேர்ந்து பாருங்கள். படம் இருப்பதால் எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் புரியும். திருவனந்தபுரம் வளர்ச்சிச் சோதனை அட்டை இரண்டு வயது வரைக்குமானது, 17 அம்சங்கள் கொண்டது, சில நிமிடங்களில் முடிந்துவிடும். ஆட்டிசத்துக்கு எம்-சாட் வினாப்பட்டியல்: 16 முதல் 30 மாதக் குழந்தைகளுக்கு, 20 கேள்விகள்.

இவற்றைத் தமிழ் தெரியாத தாயிடம் கேட்கும்போது யார் மொழிபெயர்க்கிறார் என்பதில் கண்டிப்பாக இருங்கள். பத்து வயது அக்காவை நடுவில் உட்கார வைக்காதீர்கள். தம்பியைப் பற்றிய பயத்தைச் சுமக்க வேண்டிய வயது அவளுக்கு இல்லை. தெருக்காரரும் வேண்டாம், மறுநாள் தெரு முழுவதும் தெரிந்துவிடும். மாமியார் மொழிபெயர்த்தால் மருமகளின் பதில் நம்மிடம் வந்து சேராது. அதே மொழி பேசும் இன்னொரு அங்கன்வாடிப் பணியாளரோ செவிலியரோ நல்லது. நேரில் முடியாவிட்டால் போனில் அழைத்துப் பேசலாம். தாய் சொன்னதைச் சுருக்காமல், சேர்க்காமல் அப்படியே சொல்லும்படி முன்னரே கேட்டுக்கொள்ளுங்கள். ‘ஆமாம்’ என்ற பதிலோடு நகர்ந்துவிடாமல், ‘கடைசியாக எப்போது அப்படிச் செய்தான், சொல்லுங்கள்’ என்று கேளுங்கள். மரியாதைக்காகச் சொன்ன ஆமாம் எது, உண்மையான ஆமாம் எது என்று அப்போது தெரிந்துவிடும்.

படி 8: குடும்பத்திடம் சொல்வது, அனுப்புவது

எல்லோர் முன்னாலும் சொல்லாதீர்கள். ‘உங்கள் பிள்ளைக்குக் குறை இருக்கிறது’ என்று தொடங்காதீர்கள். ‘அம்மா, இவன் மற்றப் பிள்ளைகளோடு ஆசையாக உட்காருகிறான். கூப்பிட்டால் மட்டும் திரும்புவதில்லை. ஒருமுறை காதைப் பார்த்துவிடலாமா? நானும் கூட வருகிறேன்’ என்ற பேச்சில் கண்டது, கவலை, அடுத்த வேலை மூன்றும் இருக்கின்றன. முடிந்தால் தந்தையையும் அழையுங்கள். தாய்மேல் பழி விழுவதை அது கொஞ்சம் தடுக்கும்.

2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின்கீழ் நடமாடும் மருத்துவக் குழு ஆண்டுக்கு இரண்டு முறை அங்கன்வாடிக்கு வர வேண்டும். சந்தேகமுள்ள குழந்தைகளின் பெயரையும் வீட்டு மொழியையும் உங்கள் குறிப்புகளையும் அன்று தயாராக வைத்திருங்கள். அந்தக் குழு மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்பும். அங்கே மருத்துவமும் பயிற்சியும் இலவசம். அடுத்த வருகை தொலைவில் இருந்தால் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் நேரடியாகச் செல்லுங்கள். வேலூரில் சி.எம்.சி.யின் குழந்தை வளர்ச்சிப் பிரிவும், பாகாயம் மனநல மையத்தில் உள்ள நம்பிக்கை நிலையமும், கண்ணுக்கு ஷெல் கண் மருத்துவமனையும் பல மாநிலக் குடும்பங்கள் தேடி வரும் இடங்கள். நமக்கோ அவை ஒரு பஸ் தூரம். பள்ளிக் கல்வித் துறையின் ஒவ்வொரு வட்டார வள மையத்திலும் சிறப்பாசிரியர்கள் இருக்கிறார்கள். மையத்துக்கு வர முடியாத குழந்தைக்கு வீட்டிலேயே பயிற்சி தரவும் ஏற்பாடு உண்டு.

ஒரு நடைமுறைச் சிக்கல். 2019இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது. ஆம்பூர், வாணியம்பாடி குடும்பங்கள் இன்றும் எதற்கெடுத்தாலும் வேலூர் என்றே கிளம்புகின்றன. மருத்துவத்துக்கு அது சரி. அடையாள அட்டை, உதவித்தொகை போன்றவற்றுக்குத் திருப்பத்தூரில் உள்ள மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம்தான். ஆற்காடு, மேல்விஷாரம் என்றால் ராணிப்பேட்டை. 2016ஆம் ஆண்டுச் சட்டம் ஆட்டிசம், மூளை முடக்குவாதம், பேச்சு மற்றும் மொழிக் குறைபாடு உட்பட 21 வகைகளை ஏற்கிறது. ஆனால் பயிற்சி தொடங்க அட்டைக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. வெளிமாநிலக் குடும்பமானால் பரிசோதனைச் சீட்டுகள் அனைத்தையும் போனில் படமெடுத்து அவர்களிடமே கொடுங்கள். அடுத்த ஊருக்குப் போனாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டாம்.

படி 9: காத்திருக்கும் நாட்களில் வீட்டு மொழியை நிறுத்தாதீர்கள்

‘இனிமேல் வீட்டிலும் தமிழே பேசுங்கள்’, ‘ஆங்கிலம் மட்டும் பேசுங்கள், குழப்பம் தீரும்’ என்று படித்தவர்களே சொல்கிறார்கள். இது எனக்குக் கோபம் தரும் அறிவுரை. ஆட்டிசமோ, மொழிக் குறைபாடோ, டவுன் சிண்ட்ரோமோ உள்ள குழந்தையும் இரண்டு மொழி கேட்டு வளர முடியும். அதனால் நிலை மோசமாவதில்லை. அரைகுறைத் தமிழில் தாய் பேசத் தொடங்கினால் கொஞ்சலும் கதையும் தாலாட்டும் நின்றுபோகும். குழந்தைக்குக் கிடைத்துக்கொண்டிருந்த வளமான பேச்சு வற்றிவிடும். தக்கனியில், அதாவது தென்னாட்டு உருதுவில், கதை சொல்லும் பாட்டி தொடர்ந்து சொல்லட்டும்.

கைப்பேசியைக் கொடுத்துச் சாப்பிட வைக்கும் பழக்கத்தைக் குறைக்கச் சொல்லுங்கள். குளிப்பாட்டும்போதும் சோறூட்டும்போதும் செய்வதையெல்லாம் வாயால் சொல்லிக்கொண்டே செய்யட்டும். கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்காகச் சற்று நேரம் காத்திருக்கட்டும். அங்கன்வாடியில் நீங்கள் அந்தக் குழந்தையின் மொழியில் சில சொற்களையாவது கற்றுக்கொள்ளுங்கள்: வா, தண்ணீர், வலிக்கிறதா, சிறுநீர் வருகிறதா.

சோதனையில் ‘இப்போது கவலையில்லை’ என்று வந்தாலும் தாயின் மனம் ஒப்பவில்லை என்றால் மூன்று மாதம் கழித்து ஒரு தேதி குறித்து அதே கேள்விகளை மறுபடியும் கேளுங்கள். அனுப்பிய குழந்தை உண்மையில் மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்ததா என்று இரண்டு வாரத்துக்குள் விசாரியுங்கள். போகவில்லை என்றால் பஸ் செலவா, ஒரு நாள் கூலியா, புரியாத மொழியில் வரிசையில் நிற்கும் பயமா என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, அடுத்த முறை கூடவே செல்ல ஓர் ஆளை ஏற்பாடு செய்யுங்கள்.